பம்பர்ஸ், சீலை, அம்மம்மாவின் கால்: கைக்குழந்தையை மலசலத்துக்குப் பழக்கும் வழிகள்

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வளர்ந்தார்கள். 2018 இல் பிறந்த மூத்தவள் இரண்டரை வயது வரையில் பம்பர்ஸிலேயே இருந்தாள். 2022 தொடக்கத்தில் பிறந்த இளையவனை, அந்த ஆண்டின் விலையேற்றத்தில் பம்பர்ஸ் பக்கற்றைக் கையால் தொடவே யோசிக்க வேண்டியிருந்த காரணத்தால், என்னுடைய அம்மா ஒன்றரை மாதத்திலேயே காலில் வைத்துப் பழக்கத் தொடங்கினார். எந்தக் கொள்கையும் எங்களை அதற்கு அழைத்துச் செல்லவில்லை. காசு இல்லாமைதான் அழைத்துச் சென்றது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொது விதி எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், கிளினிக்கில் வரிசையில் காத்திருக்கும் இளம் தாய்மார் "எது நல்லது அக்கா?" என்று கேட்கும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாமற் போவதால், ஒவ்வொரு வழியும் எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது என்பதை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

குழந்தை மலசலம் கழிக்கப்போகும் தருணத்தை முகக்குறியாலும் நேரத்தாலும் அறிந்து, அதைத் தூக்கி உரிய இடத்தில் பிடிப்பதையே மேலைநாட்டார் இப்போது 'எலிமினேஷன் கொமியூனிக்கேஷன்' என்று அழைக்கிறார்கள். தமிழில் கழிவுத் தொடர்பாடல் என்று சொல்லலாம். பெயர்தான் புதியது. கிழக்காபிரிக்காவின் டிகோ இனத்துத் தாய்மார் பிறந்து இரண்டு மூன்று வாரங்களிலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்குவதையும், ஐந்தாறு மாதமளவில் குழந்தைகள் அதற்கு ஒத்துழைப்பதையும் 1977 இல் ஒரு குழந்தைநல மருத்துவ ஆய்விதழ் விரிவாகப் பதிவு செய்தது. சீனத்துக் குழந்தைகளின் அடிப்பகுதி பிளந்த காற்சட்டையும் வியட்நாம் தாய்மாரின் விசில் ஒலியும் இதே மரபைச் சேர்ந்தவை. எங்கள் ஊரில் அம்மம்மாமார் தாழ்ந்த பலகையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்று விலக்கிக் குழந்தைக்கு இருக்கையாக்கி, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவதும் அதுதான். குழந்தையைக் குளிக்கவார்க்கும் அதே கால்களே இதற்கும் இருக்கை.

எதிர்த் தரப்பான 'பிள்ளை தானாகத் தயாராகும் வரையில் காத்திருத்தல்' என்ற கருத்தும் மிகப் பழையதன்று. 1930களில் அமெரிக்க அரசே தாய்மாருக்கு வெளியிட்ட கையேடு, முதல் மாதங்களிலேயே குறித்த நேரத்தில் குழந்தையைக் கண்டிப்பாக உட்காரவைக்கும்படி சொன்னது. அந்தக் கண்டிப்பினால் வந்த அழுகைக்கும் அடக்கி வைத்தலுக்கும் மாற்றாகத்தான் பெரி பிரேசல்டன் என்ற குழந்தைநல மருத்துவர், 1,170 பிள்ளைகளின் விவரங்களை வைத்து 1962 இல் எழுதிய கட்டுரையில், பிள்ளையின் ஆயத்தத்தைப் பார்த்துச் சுமார் 18 மாதத்திலிருந்து மெதுவாகத் தொடங்கலாம் என்றார். அவர் பார்த்த பிள்ளைகள் பகற்பொழுதில் முழுமையாகப் பழகியது சராசரியாக 28.5 மாதத்தில். அந்தக் கட்டுரைக்கு முந்திய ஆண்டான 1961 இல்தான் பம்பர்ஸ் என்ற பெயரில் ஒருமுறை பாவித்து எறியும் அணையாடை அங்கே சந்தைக்கு வந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் பெயர் எங்கள் பேச்சில் எல்லா நிறுவனப் பொருளுக்கும் பொதுப்பெயராகிவிட்ட அளவுக்கு அது பரவியிருக்கிறது. மருத்துவரின் அறிவுரையும் வியாபாரியின் பொருளும் ஒரே காலத்தில் வந்து ஒன்றையொன்று தாங்கின என்பதைக் கவனிக்காமல், காத்திருத்தலை மட்டும் அறிவியல் என்றும் காலில் வைத்தலை மூடப்பழக்கம் என்றும் பிரிப்பது நியாயமாகாது.

காலில் வைக்கும் முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதன் மீதான வியப்பும் ஏளனமும் இரண்டுமே குறைந்துவிடும். வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல்; கைக்குழந்தையில் அது மிக வெளிப்படையாக இருக்கும். ஆகையால் பால் குடிக்கும்போதே முலையை விட்டுவிட்டு நெளிவது, முகம் சிவப்பது, ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு திடீரென்று அசையாமல் இருப்பது, காற்றுப் பிரிவது ஆகியவை பெரும்பாலும் மலத்துக்கான அறிகுறிகள். தூங்கி எழுந்த உடனே சிறுநீர் வரும் என்பதும் ஏறக்குறைய மாறாத விதி. ஏணையில் ஆழ்ந்து தூங்கும் குழந்தை சிணுங்கிக் காலை உதைத்தால், "பசியில்லை, சலம் வருது, முதலில் தூக்கு" என்று அம்மா சொல்வார். பத்துக்கு ஆறேழு தடவை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மீதி மூன்று நான்கு தடவை அவருடைய சேலை நனைந்தது.

பிடிக்கும் விதத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையின் முதுகு பெரியவரின் வயிற்றோடு சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு தொடைகளுக்கும் கீழே கைகளைக் கொடுத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு குந்தும் நிலையில் ஏந்த வேண்டும். கால்களை இழுக்கவோ அகட்டவோ கூடாது. ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் போதும். குழந்தை முதுகை வில்லாக வளைத்தால் வேண்டாம் என்கிறது என்று பொருள். அப்போது உடனே தூக்கிவிட வேண்டும். இந்த இடத்தில் வற்புறுத்தினால் அது கழிவுத் தொடர்பாடலாக இல்லாமல் 1930களின் கண்டிப்பாக மாறிவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பால்குடிப் பிள்ளையின் மலத்தில் தீங்கில்லை என்று நினைத்து முற்றத்து மணலிலோ கிணற்றடியிலோ விட்டுவிடும் வழக்கம் இப்போதும் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமிகள் இருக்கும். கடலோர மணற்பாங்கில் கிணற்று நீர் மேல்மட்டத்திலேயே நிற்பதால், சட்டியில் பிடித்து மலசலகூடத்தில் ஊற்றிவிட்டுக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதே முறை.

இனி இந்த முறையின் குறைகள். முதல் ஆண்டில் பழக்கப்படுவது பெரும்பங்கு பெரியவர்தான். புதிதாகப் பிறந்த குழந்தை விழித்திருக்கும் வேளையில் கிட்டத்தட்ட மணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கும். ஒவ்வொன்றையும் பிடிக்க முயல்பவர் வேறு வேலை எதையும் செய்ய முடியாது. எட்டொன்பது மாதத்தில் தவழத் தொடங்கியதும், நேற்றுவரை அமைதியாக உட்கார்ந்த பிள்ளை இன்று பொட்டியை, அதாவது பிள்ளையை மலசலத்துக்கு உட்காரவைக்கும் சிறு சட்டியை, கண்டாலே துள்ளி இறங்கும். எங்கள் இளையவன் அப்படி ஏறக்குறைய ஒன்றரை மாதம் மறுத்தான். பழகிவிட்டான் என்று சொந்தபந்தத்திடம் பெருமையாகச் சொல்லியிருந்த எனக்கு அது நல்ல பாடமாக இருந்தது. மறுபக்கத்தில், இந்த முறையின் பயன், குழந்தைக்குக் கட்டும் துணியான சீலை மிச்சமாவதோடு முடிவதில்லை. வியட்நாம் குழந்தைகளைச் சுவீடன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, சிறு வயதிலேயே பொட்டியில் பழகிய வியட்நாம் பிள்ளைகள் சிறுநீர்ப்பையை முழுமையாகக் காலியாக்கும் திறனைச் சுவீடன் பிள்ளைகளைவிட முன்னதாகவே பெற்றதைக் காட்டியது. பிறந்த சில மாதங்களில் குழந்தைக்கு எந்த உணர்வும் இல்லை, எல்லாம் தானாக நிகழ்கிறது என்ற பழைய கருத்தை இது தளர்த்துகிறது.

பம்பர்ஸின் பக்கம் நின்று பேசுவதும் நேர்மையாக இருக்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சோடியம் பொலிஅக்ரிலேட் என்ற துகள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகிவிடுவதால் குழந்தையின் தோல் உலர்ந்ததுபோல இருக்கும். இரவில் தாயும் பிள்ளையும் தொடர்ந்து தூங்கலாம். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம் பேருந்தில் போகும் குடும்பத்திடம் முகக்குறியைப் பார்த்துத் தூக்கிப் பிடியுங்கள் என்று சொல்வது அறிவுரையாகாது. 31 ஆம் நாள் துடக்குக் கழிந்த பின்னர் குழந்தையை முதன்முறையாகக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது, கோட்டை வாசலிலிருந்து மேட்டில் ஏறி, பட்டுடுத்திய பெரியம்மாமாரின் கைகள் மாறி மாறிச் சந்நிதிக்குப் போய்ச் சேரும் வரையில் பம்பர்ஸ் செய்யும் உதவியை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் குழந்தையைக் காக்கும் அந்த உலர்ந்த உணர்வே பழக்கத்துக்குத் தடையாகவும் இருக்கிறது. நனைந்ததை உணராத பிள்ளைக்குத் தான் செய்ததற்கும் நனைந்ததற்கும் உள்ள தொடர்பு தெரிவதில்லை. அத்துடன் எங்கள் வெப்பமும் சேர்கிறது. மே மாதத்திலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில், இடுப்பை இறுக்கிய பிளாஸ்டிக் உறைக்குள் வியர்வையும் சிறுநீரும் ஒன்றாகத் தேங்கி, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகிவிடும். அது பூஞ்சைத் தொற்றானால் சாதாரணக் களிம்புக்கு அடங்காது. கணக்கையும் பார்க்க வேண்டும். நாளுக்கு 6 என்றால் மாதம் 180, இரண்டரை ஆண்டில் 5,400. அத்தனையும் எங்கே போகின்றன? உள்ளிருக்கும் மலத்தைக் கூடத் தட்டாமல் சுருட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம். வண்டி வராத ஒழுங்கைகளில் வளவு மூலையில் போட்டு எரிக்கிறார்கள். பாதி எரிந்த பிளாஸ்டிக்கின் நாற்றம் மாலை முழுவதும் அயலில் நிற்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது சீலை. பழைய வேட்டியையும் நூற்சேலையையும் கிழித்து மடித்த துண்டுகளுக்கு ஈடான மென்மை கடையில் விற்கும் நப்பிக்குக் கூட வராது. வெயில் காலத்தில் திருகோணமலையில் சீலை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்ததென்றால் தை வரையில் விறாந்தை முழுக்கக் கொடி கட்டினாலும் ஈரவாடைதான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது கிணற்று மோட்டாரும் சலவை இயந்திரமும் ஓடாமல், வாளியில் அள்ளி அள்ளித் துவைத்த கைகளுக்கு, ஒவ்வொரு தடவையும் மலத்தைச் சட்டியில் பிடித்தது எவ்வளவு பெரிய மிச்சம் என்று தெரியும். சிறுநீர்ச் சீலையை அலசினாற் போதும். மலச் சீலைக்குத்தான் உழைப்பு.

இந்த உண்மையிலிருந்துதான் என்னுடைய முடிவு பிறந்தது. ஆறு மாதத்தில் மாச்சத்துக் கூழும் பிசைந்த சோறும் தொடங்கிய பின்னர் மலம் இறுகி, நாளுக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைந்து, ஏறக்குறைய நேரம் குறித்தாற்போல வரும். அப்போது மலத்தைப் பிடிப்பது எளிது, பயன் பெரிது. சிறுநீரைத் துரத்துவது கடினம், பயன் சிறிது. ஆகையால் மலத்தை மட்டும் காலில் வைத்தோ பொட்டியில் உட்காரவைத்தோ பிடித்துக்கொண்டு, சிறுநீரை வீட்டில் சீலைக்கும் வெளியில் பம்பர்ஸுக்கும் விட்டுவிடலாம் என்பேன். முழுநேரக் கழிவுத் தொடர்பாடலை வலியுறுத்துபவர்கள் இதை அரைகுறை என்று சொல்லக்கூடும். அவர்களுடைய வீட்டில் எத்தனை பெரியவர்கள் பகலில் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு இந்த நாட்டில் முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் மகப்பேற்று விடுமுறை 84 வேலைநாட்கள். குழந்தையின் குறிகள் பிடிபடத் தொடங்கும் நான்காம் ஐந்தாம் மாதத்தில் தாய் அலுவலகத்தில் இருப்பாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் வழி வேறு. பகற்காப்பகத்தில் விடுவதென்றால், அங்கே பெரும்பாலும் பம்பர்ஸ் கட்டித்தான் விடச் சொல்வார்கள். ஒரு பெண் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது.

இரண்டு வயது கடந்து தொடங்கலாம் என்று முழுவதுமாகக் காத்திருந்ததன் விளைவை மூத்தவளிடம் கண்டேன். பேச்சுப் புரிந்த வயதாகையால் சிறுநீர் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அது காத்திருத்தலின் உண்மையான நன்மை. தீவிரமான பயிற்சியை 27 மாதத்துக்கு முன்னர் தொடங்கினால் அது முடிய அதிக காலம் எடுக்கும் என்று 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வும் சொல்கிறது. முந்தித் தொடங்கியதால் மலச்சிக்கலோ அடக்கி வைத்தலோ கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. மூத்தவளுக்கு மலம்தான் சிக்கலானது. இரண்டரை ஆண்டு நின்றபடியே பம்பர்ஸில் போய்ப் பழகியவள் குந்த மறுத்தாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அணையாடை கேட்டு அழுதாள். மூன்று நாள், நான்கு நாள் அடக்கி வைத்து, இறுகிய மலம் வலிக்க, வலிக்குப் பயந்து மேலும் அடக்கினாள். மருத்துவர் மலமிளக்கி கொடுத்து, காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை வைக்கச் சொல்லி, அது சீராவதற்கு இரண்டு மாதம் சென்றது. இளையவனுக்குக் குந்துவது என்பது பிறந்ததிலிருந்தே தெரிந்த ஒன்று. 20 மாதத்தில் தானே "கக்கா" என்று சொல்லிச் சட்டியைத் தேடினான். சிறுநீருக்கு அவனும் அக்காவைப்போல இரண்டு வயது தாண்டினான்.

இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவில் சிறுநீர் சுரப்பது குறைவதும் நிறைந்த பை தூக்கத்தைக் கலைப்பதும் உடல் வளர்ந்து தானாக வருபவை; எந்த முறையாலும் அதை விரைவுபடுத்த முடியாது, ஐந்து வயது வரையில் பாய் நனைவதை நோயாகக் கருதவும் மாட்டார்கள். ரப்பர் சீட்டின் மேல் பழைய பெட்சீட்டை நான்காக மடித்துப் போட்டுவிட்டு நாங்கள் தூங்கினோம். பெரும்பாலும் விடியற்காலை ஐந்து மணியளவில், கோயில் மணி கேட்கும் நேரத்தில், இளையவன் நெளியத் தொடங்குவான். அம்மா கண்ணைத் திறக்காமலேயே அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கத்து மலசலகூடத்துக்கு நடந்துவிடுவார்.