‘பேரினம் வரைதான் தெரியும்’ என்று சொல்ல இடம் தரும் செயலி: ஐநேச்சுரலிஸ்ட் மதிப்புரை

படம் எடுத்துக் காட்டிய உடனே பெயரைச் சொல்லிவிடும் செயலிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. செடியோ பூச்சியோ பறவையோ, எதைக் காட்டினாலும் ஒரு பெயர் வந்து நிற்கிறது; அந்தப் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மட்டும் அவற்றில் பல சொல்வதில்லை. ஐநேச்சுரலிஸ்டைத் தொடர்ந்து பயன்படுத்தும் எனக்கு அதில் மிகவும் பிடித்தது, ஒருவருக்கு எது வரை தெரியும் என்பதை அப்படியே பதிவு செய்ய அது இடம் வைத்திருப்பதுதான். அறிவின் எல்லையை ஒப்புக்கொள்வதை இத்தனை இயல்பான காரியமாக்கிய வேறொரு இணையச் சேவையை நான் கண்டதில்லை.

2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் மூவரின் இறுதித் திட்டமாகத் தொடங்கிய இது, 2023 முதல் தனித்து இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பாக இருக்கிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. நாம் கண்ட உயிரினத்தின் படத்தையோ ஒலியையோ தேதி, இடத்துடன் பதிவேற்றினால், உலகெங்கும் உள்ள பயனர்கள் அதைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள்.

நம் ஊர்ப் புல்வெளிகளில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளையே எடுத்துக்கொள்வோம். யூரிமா என்ற பேரினத்தைச் சேர்ந்த இவற்றில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய தோற்றமுடைய பல சிற்றினங்கள் உள்ளன. பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது, முன் இறக்கையின் அடிப்புறத்தில் ‘செல்’ எனப்படும் பகுதியில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று பார்ப்பது முதல் வழி: இரண்டு என்றால் பெரும்பாலும் யூரிமா ஹெகாபே, மூன்று என்றால் யூரிமா பிளாண்டா. ஆனால் உட்கார்ந்திருக்கும்போதும் முன் இறக்கையின் பெரும்பகுதியைப் பின் இறக்கை மறைத்துக்கொள்கிறது. பருவத்துக்கேற்ப புள்ளிகளும் மங்குகின்றன. பறக்கும்போது எடுத்த படமாக இருந்தால் மஞ்சள் நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்படிப்பட்ட படத்துக்கு நேர்மையான விடை ‘யூரிமா’ என்பது மட்டுமே. இந்தச் சேவை அந்த விடையை அரைகுறை என்று ஒதுக்குவதில்லை. கிடைத்த சான்றை வைத்து இதற்குமேல் போக முடியாது என்று பயனர்கள் குறித்துவிட்டால், பேரின அளவில் நிற்கும் அந்தப் பதிவுக்கும் ‘ரிசர்ச் கிரேடு’ என்ற ஆய்வுத் தரம் கிடைக்கிறது. சிலந்திகளிலும் ஈக்களிலும் நுண்ணோக்கியில் உறுப்புகளைப் பார்த்தால் மட்டுமே பிரித்தறியக்கூடிய சிற்றினங்கள் ஏராளம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

இதைவிட நுட்பமான ஓர் ஏற்பாடும் உண்டு. ஒருவர் ஒரு பதிவுக்குச் சிற்றினப் பெயர் கொடுத்திருக்கிறார். நான் வந்து பேரினப் பெயரை மட்டும் சேர்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே செயலி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அவர் சொன்ன சிற்றினம் சரியா என்று எனக்குத் தெரியவில்லை, பேரினம் மட்டும் உறுதி என்கிறேனா? அல்லது அந்தச் சிற்றினம் என்று சொல்ல இந்தச் சான்று போதாது என்று மறுக்கிறேனா? இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் அறியாமை வேறு, அவருடைய பிழை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம்மிடையே பெரும்பாலான வாக்குவாதங்கள் நடக்கின்றன. முதல் விடையைத் தேர்ந்தால் அவருடைய அடையாளத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. இரண்டாவதைத் தேர்ந்தால் அது எதிர் வாக்காகக் கணக்கில் சேரும்.

அந்தக் கணக்கும் கண்டிப்பானது. சிற்றின அளவில் ஆய்வுத் தரம் பெறக் குறைந்தது இருவர் அடையாளம் சொல்லியிருக்க வேண்டும்; மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒத்துப்போக வேண்டும். எனவே இருவர் உறுதிசெய்த பதிவை மூன்றாமவர் ஒருவர் மறுத்தாலே, பங்கு சரியாக மூன்றில் இரண்டாக நின்றுவிடுவதால், அது தரம் இறங்கி மறுபடியும் விவாதத்துக்கு வந்துவிடுகிறது. யாரேனும் தம் அடையாளத்தைத் திரும்பப் பெற்றால் அது அழிந்துவிடாது. குறுக்குக் கோட்டுடன் அதே பக்கத்தில் இருக்கும். ஒரு துறையில் ஊறிய வல்லுநர்கூடத் தாம் முன்பு சொன்னதை எல்லோரும் பார்க்க அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருப்பதைக் காணும் புதியவருக்கு, கருத்தை மாற்றிக்கொள்வது மானக்கேடு அல்ல என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. படத்தைப் பார்த்துக் கணினி தரும் பரிந்துரையில் முதலில், பேரினம் இதுவாகத்தான் இருக்கும் என்ற அளவான வரி வருகிறது. அதற்குக் கீழேயே சிற்றினங்களின் பட்டியலும் வருகிறது. புதியவர்கள் மேல் வரியை விட்டுவிட்டுப் பட்டியலின் முதல் பெயரைத் தொட்டுவிடுகிறார்கள். போதிய படங்கள் சேராத சிற்றினங்கள் கணினிக்குப் பயிற்றுவிக்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் பக்கத்துப் பூச்சிகளில் அப்படிப்பட்டவை நிறைய. கணினி அறியாத ஒன்றைக் காட்டினால், அது அறிந்தவற்றுள் நெருங்கியதையே எடுத்து நீட்டும்.

குழந்தைகளுக்கு இதே அமைப்பின் ‘சீக்’ செயலி பொருத்தமானது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கேமராவைக் காட்டியதும் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று உறுதி கூடக்கூட ஒவ்வொரு படியாக ஏறுகிறது; உறுதி போதாத படியில் நின்றுவிடுகிறது.

பாம்புக்கடி நேர்ந்த இடத்தில் மட்டும் இவ்விரண்டில் எதையும் திறக்க வேண்டாம். கட்டுவிரியனும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும் வெள்ளைப் பட்டைகளோடு ஒன்றுபோலவே தோன்றும். அவசரத்தில் எடுத்த மங்கலான படத்தை வைத்து முடிவெடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். நம் மருத்துவமனைகளில் தரப்படும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. பெயர் தேடி நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எனக்குள்ள பெரிய மனக்குறை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தான்தான். மறுப்பவரிடம் அத்தனை கவனமாகக் கேள்வி கேட்கும் செயலி, ஒப்புக்கொள்பவரிடம் எதுவுமே கேட்பதில்லை. தாமாகப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தால் மட்டுமே அடையாளம் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் வல்லுநர் பெயர் சொன்னதும் படத்தைப் பதிவேற்றியவர் மரியாதைக்காகவோ நன்றிக்காகவோ அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறார். அந்தக் கணமே பதிவு ஆய்வுத் தரம் பெற்று, உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளமான ஜி.பி.ஐ.எஃப்-க்குச் செல்லத் தகுதி பெறுகிறது. ஆய்வாளர்கள் அதை இருவர் தனித்தனியே பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடும். உண்மையில் அங்கே இருப்பது ஒருவரின் அறிவு மட்டுமே. அதிக அடையாளம் சொன்னவர்களின் தரவரிசைப் பட்டியலும் இந்தப் பழக்கத்துக்குத் தூபம் போடுகிறது. எந்த அடையாளக் குறியைப் பார்த்து ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொன்னால்கூடப் போதும். யூரிமாவின் செல் புள்ளிகளை எண்ணாதவர் அந்த இடத்தில் தயங்கி நிற்பார்.