கொலோசியம் வாசலில் டிக்கெட் வாங்காதீர்கள்: ரோம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரோமுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொலோசியத்தின் அரீனா (நடுவில் சண்டை நடந்த களம்), அதற்கு அடியில் உள்ள நிலவறை எல்லாம் சேர்த்து என்று சொல்லி எங்களிடம் ஆளுக்கு 75 யூரோ வாங்கினார்கள். கொலோசியத்துக்குள் காலே வைக்க முடியவில்லை.

கொலோசியோ (கொலோசியத்தின் இத்தாலியப் பெயர்) மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், ஒரே மாதிரி டீ-சர்ட். பார்க்க அரசு ஊழியர் போலவே இருக்கும். "இன்றைக்கு டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டது, எங்களிடம் மட்டும் சில இடம் இருக்கிறது" என்றார் ஒருவர். டிக்கெட் முடிந்தது உண்மைதான், அதிகாரபூர்வ இணையதளத்திலும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இவர்கள் பேச்சு எடுபடுகிறது. பள்ளியில் படிக்கும் மகளுக்கும் முழுக் கட்டணம் கேட்டார்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லையாம், ரொக்கமாகத்தான் வேண்டுமாம்.

அப்புறம் கூட்டம் சேரும்வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். முழங்கால் வலியோடு மாமியார் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வந்த கைடு எங்களைக் கூட்டிப்போனது ரோமன் ஃபோரத்துக்கு, அதாவது பக்கத்தில் இருக்கும் பழைய ரோம் நகரின் இடிபாடுகளுக்கு. அங்கே ரோமப் பேரரசர் டைட்டஸின் நினைவு வளைவின் உள்பக்கத்தில், ஜெருசலேம் கோயிலிலிருந்து கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கை ரோமர்கள் தூக்கிப்போகும் சிற்பம் இருக்கிறது. 1,900 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதைக்கூட நின்று காட்டவில்லை. அவசரமாக எதையோ சொல்லி முடித்துவிட்டு, "இதே டிக்கெட்டில் கொலோசியத்துக்கு நீங்களே போய்க்கொள்ளுங்கள்" என்று நடையைக் கட்டினார்.

கொலோசியம் வாசலில் ஸ்கேன் செய்ததும் சிவப்பு விளக்கு. அங்கிருந்த ஊழியர் டிக்கெட்டில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: ஃபோரமும் அதை ஒட்டிய பாலட்டைன் குன்றும் மட்டும். அப்படி ஒரு தனி டிக்கெட் இருக்கிறது. அதைத்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். திரும்பி ஓடி வந்தால் அந்த ஆளைக் காணோம். துண்டுச் சீட்டில் இருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். என் மகள் பள்ளிப் புத்தகத்தில் பார்த்ததிலிருந்து ஆசைப்பட்ட இடம் அது. வயிறு எரிகிறது.

இப்போது உண்மை விலையைச் சொல்கிறேன். நாங்கள் போனபோது கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் மூன்றுக்கும் சேர்த்துச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அரீனாவும் நிலவறையும் சேர்ந்தது 24. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இலவசம், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். ஆக, என் மகளுக்கு வாங்கிய 75 யூரோ அப்படியே கொள்ளை. "வரிசையில் நிற்கவே வேண்டாம்" என்பதையும் நம்பாதீர்கள், பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது.

டிக்கெட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது? தானியங்கி மென்பொருளை வைத்து மொத்தமாக அள்ளி, கைடு கட்டணத்தோடு சேர்த்து விற்கும் வியாபாரம் அங்கே பெரிதாக நடந்திருக்கிறது. அதற்காகவே 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம், டிக்கெட் விற்பனையை நடத்திவந்த நிறுவனத்துக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது.

எனவே தேதி முடிவானதும், 30 நாளுக்கு முன் விற்பனை திறக்கும் அன்றே, கொலோசியத்தை நிர்வகிக்கும் தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் எடுத்துவிடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருவதெல்லாம் விளம்பரம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிக்கெட்டில் பெயர் போடுவார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே கொடுங்கள், வாசலில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கைடு வேண்டுமென்றால் புகைப்படம் ஒட்டிய உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கார்டில் மட்டும் பணம் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். வாங்கிய டிக்கெட்டில் எந்தெந்த இடத்துக்கு அனுமதி என்று சொல்லும் வரியில் கொலோசியமும் இருக்கிறதா என்று அந்த ஆள் எதிரில் நிற்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் பணத்தை அங்கேயே திருப்பிக் கேளுங்கள்.