முதலில் ‘வெள்ளை மொழி’, கடைசியில் ‘வாடாமல்லி’: திருநங்கையர் நூல்களை எந்த வரிசையில் வாசிப்பது?

திருநங்கையர் வாழ்வைப் பற்றி வாசிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யை. 1990களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். இந்த வாழ்க்கையை வெகுஜனப் பத்திரிகை வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய காரியம்தான். ஆனால் அதையே முதலில் எடுத்தால் ஒரு கோளாறு நேர்கிறது. வெளியில் இருந்து பார்க்கும் ஒருவரின் கண் வழியாகத்தான் நாவலின் மையப் பாத்திரமான சுயம்பு நமக்கு அறிமுகமாகிறான். நமக்கு இரக்கம் பொங்குகிறது, புரிதல் அந்த இரக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் புத்தகம் திருநங்கையான ஏ. ரேவதியின் தன்வரலாறு ‘வெள்ளை மொழி’. ரேவதி இதைத் தமிழில்தான் எழுதினார். ஆனால் முதலில் அச்சேறியது வ. கீதா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. 2010இல் பெங்குவின் வெளியிட்டது. தமிழ்ப் புத்தகம் அதற்குப் பிறகே வந்தது. ஆங்கிலத்தில் படித்தாயிற்றே என்று தமிழை விட்டுவிடாதீர்கள். நாமக்கல் பக்கத்துப் பேச்சும் ஜமாத்துக்குள், அதாவது திருநங்கையர் கூடி வாழும் சமூக அமைப்புக்குள், புழங்கும் சொற்களும் தமிழில்தான் உயிரோடு இருக்கின்றன.

மாரியம்மன் திருவிழாவுக்குக் குறத்தி வேஷம் கட்டும் பகுதியை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். ஊர் கண்ணுக்கு அது ஆண்பிள்ளை போட்ட பெண்வேஷம். கட்டியவருக்கோ வேஷத்தைக் கலைத்தபின் திரும்பிப் போட்டுக்கொள்ளும் சட்டைதான் வேஷம். பாலின அடையாளம் என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தை இந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம், ஜமாத் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்தே காட்டுவது. குருவுக்குச் சேலா (சீடர், மகள் போன்றவர்) ஆவது, சேலாவின் கடமைகள், கடை கடையாகக் காசு வாங்கக் ‘கடை கேட்க’ப் போவது, நிர்வாணம் எனப்படும் ஆணுறுப்பு நீக்கத்துக்குப் பிறகு 40 நாள் கண்ணாடி பார்க்காமல் இருந்து 40ஆம் நாள் சடங்கு செய்வது என்று எல்லாமே நடைமுறையாக வருகின்றன. அடைக்கலம் தருவதும் ஜமாத்தான், அடக்கி வைப்பதும் ஜமாத்தான். ரேவதி இரண்டையும் மறைக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் காவல் நிலையத்திலும் நடக்கும் வன்முறை பல இடங்களில் வருகிறது. ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். முதல் வாசிப்பில் குரு, நானி (குருவின் குரு), சேலா உறவுகள் குழம்பும். ஒரு தாளில் வம்சக்கொடி போலப் போட்டுக்கொண்டால் பிடிபட்டுவிடும்.

அடுத்து லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, கிழக்கு பதிப்பகம். ரேவதியுடையதைவிடச் சிறியது, வேகமானது. மொழியியல் படித்து, புனே ரயில்களில் கை நீட்டி, கடப்பாவில் நிர்வாணம் செய்துகொண்ட ஒருவரின் கதை. கன்னடத்தில் ‘நானு அவனல்ல அவளு’ என்ற படமாகி, சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்தவர்களும் புத்தகத்தைக் கட்டாயம் வாசியுங்கள். பெயரை மாற்றிச் சான்றிதழ் வாங்க வித்யா நடத்திய போராட்டம் புத்தகத்தில்தான் அதன் முழு எடையோடு இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருநரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்து, 2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா தீர்ப்புக்கு முந்தைய நிலைமை அது. அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும் முறை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் வந்தது.

பழைய நூல்களை எடுக்கும்போது சொற்களைக் கவனியுங்கள். ‘அலி’ என்ற சொல் இன்று வசவு. ‘அரவாணி’ ஒரு காலத்தில் மரியாதைச் சொல். 2008இல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்துக்கே அந்தப் பெயர்தான் இருந்தது. பிரியா பாபுவின் ‘அரவாணிகள் சமூக வரைவியல்’ என்ற தலைப்பை அந்தக் காலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். நூலாசிரியர் பயன்படுத்திய சொல்லை இன்று நம் பேச்சில் எடுத்தாளக் கூடாது. சடங்கு, உறவுமுறை பற்றிய விவரங்களுக்கு அந்த நூல் நல்ல துணை. ரேவதியே தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ பலருடைய அனுபவங்களைத் தருகிறது. ஒருவர் கதையை எல்லோர் கதையாக எடுத்துக்கொள்ளும் தவறு அதை வாசித்தால் நேராது. கல்கி சுப்ரமணியத்தின் ‘குறி அறுத்தேன்’ கவிதைகளை வித்யாவுக்குப் பிறகு வையுங்கள், அப்போதுதான் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

வாசக வட்டத்துக்கோ கல்லூரிக்கோ வாங்குகிறீர்கள் என்றால் ‘வெள்ளை மொழி’ 2 பிரதி, ‘நான் வித்யா’ 3 பிரதி போதும். சிறிய புத்தகம் வேகமாகக் கை மாறும். நூலகத்தில் இவற்றை மருத்துவம், பாலியல் அடுக்கில் வைக்காதீர்கள். இவை தன்வரலாறுகள், அந்த அடுக்கில்தான் இருக்க வேண்டும்.

இந்த வரிசையில் உறுத்தும் குறை ஒன்று உண்டு: திருநம்பிகள், அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள். மேலே சொன்ன நூல்களின் மையத்தில் அவர்கள் இல்லை. ஆங்கிலம் வாசிப்பவர்கள், நந்தினி முரளியிடம் ரேவதி சொல்லி 2016இல் ஜுபான் வெளியிட்ட ‘எ லைஃப் இன் டிரான்ஸ் ஆக்டிவிசம்’ நூலைத் தேடிப் பிடியுங்கள். அதில் திருநம்பிகளின் வாழ்க்கைக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்.