டபிள் கெப்புக்குப் பெரிய டயர்: அகலமா, உயரமா, காற்றைக் குறைப்பதா?

நிலாவெளிக் கடற்கரையில் புதைந்த வண்டியொன்றை இழுத்து எடுத்த அதே வாரம், தம்பலகாமத்து வயல் வழியில் இன்னொன்றை இழுத்திருக்கிறேன். முதலாவது மணலில் இறங்கியது, இரண்டாவது களியில். இரண்டும் உயர்த்திய டபிள் கெப், இரண்டிலும் 33 அங்குல டயர். அன்றிலிருந்து எந்த டயரைப் போடுவது என்ற இந்தக் கேள்வி எனக்கு வெறும் அலங்காரக் கேள்வியாக இல்லை.

திருகோணமலையில் அரை நாள் ஓடினால் மூன்று தரைகளைக் கடக்கிறோம். வடக்கே குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் சக்கரத்தை விழுங்கும் மணல். தெற்கே தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கம் மாரியில் இளகும் களி. நடுவில் கந்தளாய் ஊடாக ஹபரணைக்குப் போகும் ஏ6 தார் வீதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும் வரை, என் வட்டத்தில் பலர் புது வண்டி எண்ணத்தைக் கைவிட்டு, கையிலிருந்ததையே உயர்த்திப் பெரிய டயர் போட்டார்கள். நானும் போட்டேன். என்னுடையது ஹைலக்ஸ், அதோடு வந்த டயர் 265/65ஆர்17, அதாவது அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த டயரை அடிப்படையாக வைத்துத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை உயர்த்தினால் பெரிய டயருக்கு இடம் வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஹைலக்ஸின் பின் அச்சு ஒரே துண்டு. அதன் நடுவில் டிஃப், அதாவது இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி, தொங்குகிறது. ஸ்பிரிங்கை மாற்றி 50 மி.மீ. உயர்த்தினால் செசியும் டீசல் தாங்கியும் ஏறும் படியும் 50 மி.மீ. மேலே போகும். டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அதைத் தரையிலிருந்து தூக்கி வைத்திருப்பது டயர் மட்டும்தான். டயரின் விட்டம் கூடினால், கூடியதில் பாதி டிஃபுக்குக் கிடைக்கும். கல்லிலும் வயல் வரம்பிலும் அடிபடுவது பெரும்பாலும் டிஃப்தான் என்பதால், தரை இடைவெளி வேண்டுமென்றால் டயரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, உயர்த்திய வண்டியும் பள்ளத்தில் விழுந்தால் அமுங்கும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் மட்காட்டுக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டொப் என்ற ரப்பர்க் கட்டை. இப்படி வண்டியை உயர்த்தும் லிஃப்ட்டைப் போட்டாலும் அந்தக் கட்டையை மாற்றாவிட்டால் சக்கரம் ஏறும் உச்சி பழைய உச்சியேதான். கராஜ் தரையில் நிற்கும்போது கைமுட்டி நுழையும் இடைவெளி, பள்ளத்தில் விழும் நொடியில் காணாமல் போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 285/70ஆர்17 டயர் நான்கும் 50 மி.மீ. லிஃப்ட்டும் ஒரே நாளில் பூட்டினேன். பூட்டியவர், "தம்பி, லிஃப்ட் போட்டா 33 தன்பாட்டுக்கு ஏறும்" என்றார். கராஜுக்குள் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை. இரண்டு நாள் கழித்துக் குச்சவெளி தாண்டி ஒரு மதகில் பிரேக் பிடித்தபடி இடப்பக்கம் ஒடித்தேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும், ஒடித்தால் டயரின் பின் விளிம்பு கெபினைச் செசியோடு பூட்டும் இரும்புக் கையை நோக்கிப் போகும். இரண்டும் ஒன்றாக நடந்தது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தபோது உள் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது, புத்தம்புது டயரின் தோளில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. அந்த டயரின் விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கராஜில் நாங்கள் செய்திருக்க வேண்டிய சோதனை எளிது. ஒரு முன் சக்கரத்தை மண்மேட்டில் ஏற்றுங்கள். எதிர் மூலையிலுள்ள பின் சக்கரத்தையும் அதேபோல் ஏற்றுங்கள். அமுங்கியிருக்கும் அந்த முன் சக்கரத்தை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். பின்னோக்கி உருட்டியபடியும் ஒருமுறை ஒடித்துப் பாருங்கள். அப்போது உரசாத டயர் வீதியிலும் உரசாது. முடிந்தால் நண்பர் ஒருவரின் சக்கரம் ஒன்றைக் கடன் வாங்கி, காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

சரி, இனி டயர்களுக்கு வருவோம்.

285/70ஆர்17 என்பது ஏறத்தாழ 32.7 அங்குலம், கடையில் 33 என்பார்கள். பழைய டயரைவிட விட்டம் 54 மி.மீ. அதிகம், ஆகவே டிஃபுக்கு 27 மி.மீ. கிடைக்கிறது. கல்லுப் பாதையில் இந்த 27 மி.மீ. நன்றாகவே தெரியும், மறுக்க முடியாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல. உள் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைக்க வேண்டும், பம்பர் மூலையை வெட்ட வேண்டும், பல வண்டிகளில் அந்தக் கெபின் இரும்புக் கையின் முனையை வெட்டி மறுபடி ஒட்டுப் போட வேண்டும். சக்கரம் 7 விழுக்காடு பெரிதானால் எல்லாக் கியரும் அந்த அளவுக்குக் கனத்துவிடும். மேட்டில் மூன்றாம் கியரில் ஏறியது இரண்டாவதைக் கேட்கும். பிரேக்குக்கும் அதே கதைதான். டிஸ்க் பழையது, சக்கரத்தின் ஆரை கூடியது. அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் பிரேக் விசை குறைகிறது. டயரின் எடையும் கூடியிருக்கிறது. இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியில் நிற்பதைக் கண்டு பிரேக் போட்டவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. இன்னொன்றும் உண்டு: முன்பக்கத்தை உயர்த்தினால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். அதை இறக்கிச் சரிசெய்யாமல் ஓடுபவர்களால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் தெரியாமல் போகிறது. தயவுசெய்து லிஃப்ட் போட்ட அன்றே அதைச் செய்துவிடுங்கள்.

மீட்டரும் மாறும். முள் 70 காட்டினால் முன்பைவிட 7 விழுக்காடு வேகமாக ஓடுகிறீர்கள். பெரும்பாலான மீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுவதால் அதில் கொஞ்சம் ஈடாகும், முழுதும் ஈடாகாது. 100 கி.மீ. என்று பதிவாகும் தூரம் உண்மையில் 107-க்குக் கிட்ட. டீசல் கணக்குப் போடும்போது இதைச் சேர்க்காவிட்டால் வண்டி குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாகத் தோன்றும்.

265/70ஆர்17 இதற்கு நேர்ப் போட்டி. அகலம் பழையதேதான், உயரம் மட்டும் 31.6 அங்குலம். டிஃபுக்கு 13 மி.மீ. மட்டுமே கிடைக்கும், 285 தருவதில் பாதி. ஆனால் வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை. பழைய ரிம்மிலேயே ஏறுகிறது. 3.4 விழுக்காட்டு வித்தியாசத்தை இஞ்சினும் பிரேக்கும் பெரிதாக உணர்வதில்லை. 40 மி.மீ. லிஃப்ட் போட்டால் செசியும் படியும் வரம்பில் தட்டாது. போடாவிட்டாலும் டயர் ஓடும். வாரத்தில் ஆறு நாள் தாரிலும் ஒரு நாள் மணலிலும் ஓடும் வண்டிக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆளை எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது 235/85ஆர்16, ஒல்லியான உயர டயர். பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டர்களில் ஓடும் அளவு. உயரம் 31.7 அங்குலம், அகலமோ பழைய டயரைவிட 30 மி.மீ. குறைவு. ஒடிக்கும்போது உரசும் மூலைகள் எல்லாவற்றிலிருந்தும் அது தானாகவே விலகி நிற்கிறது. 16 அங்குல ரிம் தேட வேண்டும், அது பிரேக் கலிப்பரில் தட்டாமல் சுற்றுகிறதா என்று பூட்டிப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வண்டி கால் மெலிந்தது போலிருக்கும்; அழகு பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் நெல் மூட்டை ஏற்றுபவர்களுக்கு ஒரு செய்தி: இந்த அளவில் 120 என்ற பாரக் குறியீட்டோடு வரும் டயர், முழுக் காற்றில் ஒன்றுக்கு 1,400 கிலோ தாங்கும்.

களியில் இது ஏன் வெல்கிறது என்பதை வயல்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தம்பலகாமத்து வயல் வழியில் மேலே ஒரு சாண் சேறு, அதற்குக் கீழே கெட்டியான தரை. உயரமும் ஒடுக்கமும் உள்ள சக்கரம் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேல் மிதக்கப் பார்த்து, மிதக்கவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் வழுக்கும். அடியே இல்லாத சதுப்பில் இரண்டும் தோற்கும், அங்கே உழவு இயந்திரம்தான் கதி. களியில் அளவைவிடப் பல்லின் வடிவம் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரின் நெருக்கமான பல்லிடுக்கில் எங்கள் களி அப்பினால் நான்கு சுற்றில் அது மொட்டை டயராகிவிடும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்னின் அகன்ற இடுக்குகள் சுற்றும் வேகத்தில் களியை உதறிவிடும். ஆனால் அதே மட் டெரெய்ன் நனைந்த தாரில் பிடிமானம் குறைந்தது, ஏ6-இல் காதடைக்கும், மணலில் கொஞ்சம் அதிகமாக அக்சிலேட்டரை மிதித்தால் தானே குழி தோண்டி உட்கார்ந்துவிடும்.

இப்போது மணல். இங்கேதான் நான் 33-ஐப் பற்றி என் கருத்தை முழுதாக மாற்றிக்கொண்டேன். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இருக்கிறது என்று வைப்போம். 32 பிஎஸ்ஐ காற்றில் அது தரையில் பதிக்கும் பரப்பு தோராயமாக 270 சதுர செ.மீ., ஏ4 தாளில் பாதிகூட இல்லை. காற்றை 16 ஆக இறக்கினால் 530 சதுர செ.மீ. ஆகிவிடும். சுமையையும் காற்றையும் மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால் இந்தப் பரப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. பெரிய டயரின் உண்மையான நன்மை வேறு: பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் காற்றை இறக்கும்போது ரிம் தரையில் இடிக்காது, பதிவும் நீளும். மணலில் அகலத்தைவிட நீளம் உதவுகிறது, சக்கரத்துக்கு முன்னால் குவியும் மணல் குறைவு என்பதால். அதனால்தான் ஒல்லி 235 கூட 16 பிஎஸ்ஐயில் நிலாவெளி மணலில் நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது.

அன்று நான் இழுத்தெடுத்த 33 அங்குல வண்டியில் காற்று 35. கரைவலை இழுக்கும் உழவு இயந்திரத்தைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார்கள். நான்கு டயரிலும் காற்றைப் பாதியாக்கி, முன்னால் மணலைக் கையால் விலக்கி, என் வண்டியால் மெல்ல இழுத்ததும் வெளியே வந்துவிட்டது.

ஆகவே நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது: பழைய டயரையே வைத்துக்கொண்டு ஒரு காற்று மானியும் பெட்டரியில் ஓடும் சின்னப் பம்பும் வாங்குவது. கடற்கரை மட்டுமே உங்கள் தேவை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 16-இல் ஓடும்போது வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது, திடீரென்று ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். தாருக்கு ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் தார் வீதியில் ஓடினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

ஓஃப்செட் பற்றி ஒரு வார்த்தை. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பூட்டப்படும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. என் வண்டியோடு வந்த ரிம்மின் ஓஃப்செட் 30. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அழகுக்காக வாங்கும் ரிம்கள் பல 0 ஓஃப்செட். பூட்டினால் சக்கரம் 30 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஒடிக்கும்போது அது சுற்றும் வட்டம் பெரிதாகி, உரசாத 265 கூட உரசத் தொடங்கும். சக்கர பெயாரிங்குக்கும் சுமை கூடும், சேறு முழுதும் கதவில் அடிக்கும். வேண்டாம். லிஃப்ட்டும் 50 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பேன். அதற்கு மேல் முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டான சிவி ஜொயின்ட்டின் கோணம் கூடி ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், முன் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். 35 அங்குலத்தைப் பற்றிப் பேசவே இல்லையே என்று கேட்பீர்கள். டிஃப் கியரையே மாற்ற வேண்டிய டயர் அது, இந்த மாவட்டத்தில் அது தேவைப்படும் இடத்தை நான் காணவில்லை. எந்த அளவைப் போட்டாலும் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

நான் 285-ஐ விற்றுவிட்டு 265/70ஆர்17 ஆல் டெரெய்னுக்கு வந்துவிட்டேன். லிஃப்ட் 40 மி.மீ. ஆக இறக்கியாகிவிட்டது, வெட்டிய பம்பர் மூலை மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்பெயார் சக்கரம் இப்போது வண்டிக்கு அடியில் சரியாக உட்காருகிறது. 285 இருந்தபோது காற்றைப் பாதி இறக்கித்தான் ஏற்ற முடிந்தது. தம்பலகாமத்து மச்சானுக்கு ஒல்லி 235-ஐத்தான் சொன்னேன், அதுவும் மட் டெரெய்னில். மாரி தொடங்குமுன் 16 அங்குல ரிம் ஐந்து தேடிக்கொண்டிருக்கிறார். நான்கு கிடைத்துவிட்டது.