"ஆயுசுக்கும் அள்ள வேண்டாம்" என்று தொட்டி விற்பவர் வந்தால் உஷார்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்து உறவுகள் கவனத்துக்கு. கழிப்பறைக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் செப்டிக் தொட்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, "ரயில் கழிப்பறையில் இருக்கிற அதே பயோ டேங்க்" என்று சொல்லி ஒருவர் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிறார். எங்கள் வளவில் ஒன்பது வீடுகள் சேர்ந்து, வீட்டுக்கு 18,000 ரூபாய் கொடுத்தோம். இப்போது பொதுக் கிணற்றில் வாளி இறக்கவே ஆளில்லை.

ரயிலில் இருப்பது ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய எஃகுத் தொட்டி. அதன் பெயரைச் சொன்னதோடு சரி. "உள்ளே மூன்று அறை இருக்கிறது ஆத்தா, பாக்டீரியா எல்லாவற்றையும் தின்றுவிடும், ஆயுசுக்கும் அள்ள வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அடித்துச் சொன்னார். மாதாமாதம் ஒரு பொட்டலம் பொடி வாங்கிப் போட வேண்டுமாம்; தவறினால் வாரண்டி கிடையாதாம். மலத்திலேயே வேண்டிய பாக்டீரியா இருக்கிறது, பொடிக்கு வேலையே இல்லை. எந்த செப்டிக் டேங்க் ஆனாலும் அடியில் கசடு சேரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும்.

ஐப்பசி மழையில் தொட்டி பொங்கி வாசலுக்கு வந்தது. மூடியை சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். உடைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். தடுப்பு என்று ஒன்றுமே இல்லை. சாதாரண தண்ணீர்த் தொட்டி, எதிரெதிரே ஒரே உயரத்தில் இரண்டு ஓட்டை. மேலே ஏடு போல மிதக்கும் கழிவை உள்ளே நிறுத்தி வைக்கும் 'டி' குழாய் எங்கும் காணோம். இந்தப் பக்கம் விழுந்தது அந்தப் பக்கம் அப்படியே போயிருக்கிறது. வடிகட்டி என்று தனியே காட்டிய பெட்டியில் மேலே ஒரு சாண் தேங்காய் நார், அதற்குக் கீழே கட்டிடம் இடித்த கல்லும் கிழிந்த சிமெண்ட் பையும்.

தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி அதைவிட மோசம். சித்தூர் தாலுகாவின் இந்தப் பகுதி கரிசல் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழையில் உப்பிக்கொண்டால் அந்த மண் தண்ணீரைக் குடிக்காது. குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்காமல் இங்கே யாரும் உறிஞ்சு குழி போடக்கூடாது. அவர் பார்க்கவில்லை. போட்ட இடமோ கிணற்றிலிருந்து பத்தடி. கேரளப் பஞ்சாயத்துக் கட்டிட விதிப்படி கழிவுக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 7.5 மீட்டராவது இடைவெளி வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் மலக் கிருமியான ஈ.கோலை வந்தது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாத கிருமி அது.

புகார் சொன்னதற்கு இரண்டு பையன்களை அனுப்பினார், கயிறு கட்டி உள்ளே இறங்கி அள்ளுவதற்கு. தொட்டிக்குள் விஷவாயு இருக்கும். பாதுகாப்பு ஏதும் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். அதன்பிறகு போனில் அவர் சொன்னதுதான் உச்சம்: "எங்கள் வாரண்டி தமிழ்நாட்டுக்கு மட்டும், நீங்கள் கேரளா." பணம் வாங்கும்போது மட்டும் எல்லை தெரியவில்லை போலிருக்கிறது.

இந்த மிரட்டலுக்கு யாரும் அடங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாங்கள் பாலக்காட்டில் போட்டிருக்கிறோம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும். அவர் பில் தரவில்லை. கூகுள் பே ரசீதும் வாட்ஸப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டும்தான் எங்கள் கையில் இருக்கும் சாட்சி. அழிக்காமல் வைத்திருங்கள்.

அதே மினி லாரியைப் போன வாரம் கோபாலபுரம் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் ஊருக்கு வந்தால், தொட்டியைக் குழியில் இறக்கும் முன்பே மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கழற்ற மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.