ரப்பர் மரம் வித்த காசும் சின்ன பேங்க் டெபாசிட்டும்: ஏழு வருச அனுபவம்

2019 தொடக்கத்துல குலசேகரம் பக்கத்துல எங்க அம்மாவுக்க பழைய ரப்பர் மரத்த எல்லாம் முறிச்சு வித்தோம். புதுக்கன்னு வச்சு பால் வெட்டுக்கு வர ஏழு வருசம் ஆவும், அதுவரைக்கும் வீடு ஓட இந்தக் காசுதான், அதனால வட்டி கூட கிடைக்குன்னு மார்த்தாண்டத்துல ஒரு ஸ்மால் பைனான்ஸ் பேங்க்ல, அதான் சின்னக் கடன் அதிகமா குடுக்குற பேங்க்ல, பன்னெண்டு லட்சத்தையும் ஒரே எஃப்டியா போட்டேன். பெரிய தப்பு.

அந்த செப்டம்பர்ல மும்பை பிஎம்சி கூட்டுறவு பேங்க ரிசர்வ் பேங்க் முடக்கி, முதல்ல ஒரு கணக்குலேருந்து ஆயிரம் ரூபாதான் எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. பேங்க் விழுந்தா போட்டவங்களுக்குக் கிடைக்குற டெபாசிட் இன்சூரன்ஸே அப்போ ஒரு லட்சந்தான், எங்களுக்க மிச்சம் பதினொரு லட்சத்துக்கு ஒரு பிடிமானமும் கிடையாது. அம்மா "மக்களே, அந்தப் பாலா பேங்கு மாதிரி பொட்டிராதே?"ன்னு கேட்டா. 1960ல கேரளத்துல பாலா சென்ட்ரல் பேங்க் விழுந்த கதைய பாட்டா சொல்லிக் கேட்டு வளந்தவ அவ. அதுக்குப் பொறவுதான் 1962ல இந்த இன்சூரன்ஸே வந்தது. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கமே வரல, ஒரு சதவீதம் வட்டி போனாலும் பரவால்லன்னு உடைச்சு மூணு பேங்க்ல பிரிச்சுப் போட்டேன், ஒண்ணு அரசு பேங்க்.

அதுலேருந்து ஒவ்வொரு காலாண்டு ரிசல்ட் வரும்போதும் ரெண்டு நம்பர் பாப்பேன். ஒண்ணு நிகர வாராக்கடன், அதான் நெட் என்பிஏ, திரும்பி வராத கடன்ல பேங்க் ஒதுக்கி வச்சது போக மிச்சம். இன்னொண்ணு மூலதன விகிதம், நஷ்டம் வந்தா தாங்க பேங்க் சொந்தமா வச்சிருக்க காசு, ஸ்மால் பைனான்ஸ் பேங்க்னா குறைஞ்சது 15 சதவீதம் வச்சிருக்கணும். கொரோனா சமயத்துல அந்த ஸ்மால் பைனான்ஸ் பேங்க்ல நெட் என்பிஏ மூணு சதவீதத்தத் தாண்டிச்சு, குடுத்ததுல பாதிக்கு மேல ஜாமீன் இல்லாத குழுக்கடன், வேலை நின்னா எல்லாரும் ஒண்ணா கட்டாம நிப்பாங்க இல்லியா. மேனேஜர் நல்ல மனுசன், "பயப்படாதீங்க அண்ணே"ன்னாரு, இருந்தும் நான் ரினியூ பண்ணல. அந்த நம்பர் ஒரு சதவீதத்துக்குக் கீழ வந்த பொறவுதான் திரும்பப் போட்டேன்.

ஆனா நம்பர மட்டும் நம்பாதீங்க. பிஎம்சி கடைசியா காட்டுன நெட் என்பிஏ 2.19 சதவீதந்தான், உள்ள பாத்தா கடன்ல எழுபது சதவீதத்துக்கு மேல ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு மறைச்சுக் குடுத்திருந்தாங்க. அதனால கடைசித் துணை இன்சூரன்ஸ் வரம்புதான். 2020 பிப்ரவரி 4லேருந்து அஞ்சு லட்சம், ஒரு பேங்க்ல எத்தன கிளையில போட்டாலும் சேத்துதான் கணக்கு, வட்டியும் அதுக்குள்ளதான். நாலு லட்சத்த எட்டு சதவீதத்துல மூணு வருசம் போட்டா அஞ்சு லட்சத்து ஏழாயிரம் ஆயிரும், மேல உள்ள ஏழாயிரம் வெளிய நிக்கும். அதான் நான் மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தோட நிறுத்திருவேன். அம்மா பேர்ல தனி, என் பேர்ல தனி, ரெண்டு பேரும் சேந்த ஜாயின்ட் தனின்னு போட்டா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அஞ்சு லட்சம். பேங்க முடக்கினா 90 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் காசு தரணும்னு 2021ல சட்டமும் திருத்திட்டாங்க, அந்த மூணு மாசச் செலவுக்கு வேற இடத்துல கையில காசு வேணும்.

நிதி கம்பெனிக்கும் ஊர் தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கத்துக்கும் இந்த இன்சூரன்ஸ் கிடையாது. சித்தப்பா மகளுக்க கல்யாணத்துக்கு வச்சிருந்த காச ஒரு பைனான்ஸ்ல போட்டு, அதத் திரும்ப வாங்க இன்னும் நடந்துட்டு இருக்காரு, நெனச்சா நெஞ்சு வலிக்கு.

இந்த மழை ஓஞ்சா புது மரத்துல வெட்டு தொடங்கலாம். அதுக்கு முன்ன கடைசி எஃப்டி முதிருது, அதே பேங்க்லதான் புதுப்பிக்கப் போறேன், இந்தக் காலாண்டு ரிசல்ட்டப் பாத்துட்டு.