அப்பாவை மெடிகேரில் சேர்த்தோம்: முதலில் டாக்டர், அப்புறம்தான் பிளான்

நியூஜெர்சியில் இருக்கும் அப்பாவுக்கு 2025 ஆகஸ்டில் 65 வயது நிறைந்தது. அந்த மாதமே மெடிகேர், அதாவது 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு, கிடைத்தது. நல்ல சேவை, நம்பிச் சேரலாம். ஆனால் நாங்கள் பிளான்களைப் பற்றி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு அதன்பிறகு டாக்டரை யோசித்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சேருவது சுலபம். 65 நிறையும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என்று ஏழு மாத அவகாசம். அப்பா ஜூனிலேயே சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் விண்ணப்பித்ததால் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே காப்பீடு தொடங்கிவிட்டது. வேலை வழியாக வேறு காப்பீடு இல்லாதவர்கள் இந்த அவகாசத்தை விட்டுவிட்டால், தாமதமான ஒவ்வொரு முழு வருடத்துக்கும், டாக்டர் செலவுக்கான பார்ட் பி பகுதியின் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அதுவும் ஆயுள் முழுக்க. அப்பா பத்து வருடத்துக்கு மேல் இங்கே வரி கட்டி வேலை பார்த்தவர் என்பதால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு அவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பார்ட் பி-க்கு 2025-இல் மாதம் 185 டாலர். கார்டு வெறும் காகிதம்தான். அப்பா அதைப் பழைய எல்ஐசி பாலிசி உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அப்புறம் ஒரு ஏஜென்ட் போன் செய்தார். மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் ஹெச்எம்ஓ பிளான், கூடுதல் பிரீமியம் கிடையாது, பல், கண்ணாடி எல்லாம் உண்டு, "உங்க டாக்டரும் இதுல இருக்கார் சார்" என்றார். சம்மதம் சொல்வதற்கு முன் டாக்டர் ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், அந்தப் பிளானை அவர்கள் ஏற்பதில்லை என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். பெரும்பாலான ஹெச்எம்ஓ பிளான்களில் அவர்கள் பட்டியலில் இருக்கும் பிரைமரி கேர் டாக்டரைத்தான் (எதற்கும் முதலில் பார்க்கும் பொது டாக்டர்) வைத்துக்கொள்ள வேண்டும், எலும்பு டாக்டரிடம் போகவும் அவர் ரெஃபரல் தர வேண்டும். அப்படியிருக்க, அந்த டாக்டர் யார் என்று தெரியாமல் எப்படிச் சேருவது?

கடைசியில் நாங்கள் எடுத்தது அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேர், கூடவே அது கட்டாமல் விடும் பங்குக்கான தனியார் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி, மருந்துக்குத் தனியாக பார்ட் டி. மாதச் செலவு கூடுதல்தான். ஆனால் 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் கேட்டால், நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதன்பிறகு பல மாநிலங்களில் மறுக்கலாம். சர்க்கரை உள்ள மனிதர், அந்த ஆறு மாதத்தை விட மனம் வரவில்லை.

ஒரிஜினல் மெடிகேரில் பிரைமரி கேர் டாக்டர் கட்டாயமில்லை. ஆனாலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆட்களுக்கு முட்டி வலித்தால் எலும்பு டாக்டர், படபடத்தால் இதய டாக்டர் என்று நேராகப் போய்த்தான் பழக்கம். அக்டோபரில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான 'வெல்கம் டு மெடிகேர்' டாக்டர் சந்திப்புக்கு, சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் எடுத்து வரச் சொன்னார்கள். அப்பா ஒரு துணிப்பை நிறையக் கொண்டுபோனார். டாக்டர் ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கிப் பார்த்தவர், ஒரு பாட்டிலையும் திருச்சியிலிருந்து வாங்கி வந்த ஒரு மாத்திரை அட்டையையும் தனியாக நகர்த்தி வைத்தார். இரண்டும் ஒரே பிரஷர் மருந்து, ஆம்லோடிபின். பெயர்தான் வேறு. அப்பா காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த மருந்தால் வரக்கூடிய கணுக்கால் வீக்கத்துக்கு நாங்கள் உப்பைக் குறைத்துக்கொண்டிருந்தோம்! தனித்தனியாகப் பார்த்த டாக்டர்கள் யார் கண்ணிலும் இது படவில்லை.

இந்தச் சந்திப்புக்குப் பணம் கிடையாது. ஆனால் மாஸ்டர் செக்கப் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், தலை முதல் கால் வரை பரிசோதிக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை சேர்த்தால் தனியே பில் வரலாம், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான பல் வைத்தியம், கண்ணாடி, காது மெஷின் ஒரிஜினலில் கிடையாது, அது பெரிய குறைதான். ஊருக்குப் போனாலும் பொதுவாகச் செல்லாது. ஆனால் பிளான் ஜி இருந்தால் அது பயணத்தின் முதல் 60 நாள் அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலர் போக 80 சதவீதம் தரும், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை.

கிரீன் கார்டில் அம்மா அப்பாவை அழைத்து வந்தவர்கள் கவனிக்க: இங்கே வேலை பார்க்காத பெற்றோர் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் சேரலாம். பார்ட் ஏ-யும் விலைக்குத்தான், 2025-இல் மாதம் 518 டாலர் வரை.

குழப்பம் இருந்தால் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. போகும்போது டாக்டர் பெயரையும் மாத்திரைப் பட்டியலையும் எழுதிக் கொண்டுபோங்கள், ஊரிலிருந்து வாங்கி வந்த மாத்திரைகளையும் சேர்த்து.